கமுதி வெயிலும் நம் கடைக் கூரையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் மிளகாய், மல்லி, பயறு வரத்து குறைந்து, மொத்த மண்டி முதல் பலசரக்குக் கடை வரை வியாபாரம் படுத்துவிடும் என்பது நாம் அறிந்ததே. ஆனால் நமக்குப் பொய்க்காத வரத்து ஒன்று உண்டு. அது வெயில்.

அந்த வெயிலையே மூலப்பொருளாகக் கொண்டு, நமக்கு அண்டை ஊரான கமுதியில் 2016ஆம் ஆண்டு 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை அதானி குழுமம் நிறுவியது. சுமார் 2,500 ஏக்கர். 25 லட்சம் தகடுகள். இதன் மின்சாரத்தை யூனிட் ரூ.7.01 விலையில் வாங்க மின்வாரியம் 2015இல் ஒப்பந்தம் செய்தது. 2017இல் ராஜஸ்தான் மாநிலம் பட்லாவில் ஏலம் ரூ.2.44 வரை இறங்கியது. தகடு விலை சரிந்த வேகம் அப்படி.

பக்கத்திலேயே மின்சாரம் விளைகிறதே, நம் கட்டணம் குறையாதா எனப் பலர் கேட்கின்றனர். குறையாது. கமுதி மின்சாரம் 400 கிலோவோல்ட் துணை மின் நிலையம் வழியாகப் பொதுத் தொகுப்பில் கலக்கிறது. கட்டணமோ மாநிலம் முழுவதும் ஒன்றே. ஆகவே நமக்கு லாபம் வேண்டுமானால் அது நம் கூரையில்தான் உள்ளது.

ஒரு கிலோவாட் தகடுகளுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் தேவை. நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். வீடுகளில் மின்செலவு இரவில் அதிகம். கடைக்கோ பகலில்தான் அதிகம். எனவே உற்பத்தியாகும் நேரத்திலேயே பயன்படுத்திவிடலாம்.

பணம் போடுமுன் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. 2024இல் மத்திய அரசு அறிவித்த 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் வீட்டு இணைப்புகளுக்கே உரியது. கடைக்கும் உண்டு என்று யாரேனும் சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

2. பேட்டரி இல்லாத அமைப்பு, மின்தடையின்போது வெயில் இருந்தாலும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் மின் ஊழியரின் உயிர்ப் பாதுகாப்புக்காகவே இந்த ஏற்பாடு.

3. வாடகைக் கடையானால் கூரை உரிமையாளருடையது. காலி செய்யும்போது தகடுகள் யாருக்கு என்பதை முன்பே எழுதி வாங்குக.

தகடுகளின் ஆயுள் சுமார் 25 ஆண்டுகள். ஓராண்டு மின் ரசீதுகளைக் கூட்டிப் பார்த்து, போட்ட முதல் எத்தனை ஆண்டில் திரும்பும் எனக் கணக்கிட்டு இறங்குவதே வணிகர்க்கு அழகு.