பயம் வந்தால் ரத்தம் தங்காது

கல்யாணமான சில வாரங்களிலேயே "எனக்கு ஆண்மை இல்லையோ" என்று பதறி வரும் இளைஞனிடம் விவரம் தெரிந்த மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "காலையில் எழுந்திருக்கும்போது விறைப்பு இருக்கிறதா?" என்பது. "அதெல்லாம் இருக்கு டாக்டர்" என்று அவன் சொல்லிவிட்டால் அவருக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும். ஏன் என்று சொல்கிறேன், டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

ஆரோக்கியமான ஆணுக்குக் கனவு வரும் தூக்கத்தில் ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து முறை தானாகவே விறைப்பு வரும். நரம்பும் ரத்தக்குழாயும் ஒழுங்காக இருந்தால்தான் அது நடக்கும். தூக்கத்தில் சரியாக இருப்பது மனைவி பக்கத்தில் வந்ததும் தளர்ந்துபோகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் உறுப்பில் இல்லை, அந்த நேரத்து மனதில் இருக்கிறது.

விறைப்பு என்பது முறுக்கிக்கொண்டு வரவழைக்கிற காரியம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. உறுப்புக்குள் பஞ்சு போன்ற திசு இருக்கிறது. அதிலுள்ள தசைகள் தளர்ந்து கொடுத்தால்தான் ரத்தம் நிறைந்து தங்கும். பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், தசை இறுகும், வந்த ரத்தமும் வடிந்துவிடும். தெருநாய் துரத்தும்போது ரத்தம் காலுக்குத்தான் ஓட வேண்டும். "இன்னைக்கும் முடியாமப் போயிடுமோ" என்ற நினைப்பையும் உடம்பு அந்த நாயாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

பாலியல் ஆய்வாளர்களான வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் 1970-இல் வெளியிட்ட புத்தகத்தில் இதைத் தெளிவாகப் பிடித்துக் காட்டினார்கள். இப்படிப்பட்ட ஆண், மனைவியோடு இருக்கும்போதே தன்னைத் தானே வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுகிறான். 'இருக்கிறதா, குறைகிறதா' என்று கணத்துக்குக் கணம் சோதிக்கிறான். அவள் கை தன்மேல் இருப்பதே அவனுக்கு உறைப்பதில்லை. நம் ஊர் முதலிரவை எண்ணிப் பாருங்கள். இரண்டு நாள் தூக்கமில்லை, வீடு நிறையச் சொந்தக்காரர்கள், எதிரே சரியாகப் பேசிக்கூடப் பழகாத பெண். அன்று முடியாமல் போவது இயல்புதான். அதை நோய் என்று நம்பிவிட்டால் மறுநாளும் அந்தப் பயமே முன்னால் வந்து நிற்கும். சீக்கிரம் விந்து வந்துவிடுவதிலும் இந்தப் பதற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தப் பயத்தை வைத்துப் பிழைப்பவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. நாற்பது சொட்டு ரத்தம்தான் ஒரு சொட்டு விந்து, சுயஇன்பத்தால் நரம்பு தளர்ந்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே லேகியம் விற்கிறார்கள். இரண்டுமே பொய். விந்தணு நாள்தோறும் கோடிக்கணக்கில் ஊறிக்கொண்டிருப்பது, வெளியேறுவதால் எதுவும் வற்றிப்போகாது. விந்து போய்விட்டதே என்று உடல் மெலிந்து, மனம் சோர்ந்து வருகிறவர்களின் நிலைக்கு மனநல மருத்துவர் என்.என். விக் 1960-லேயே 'தாது' நோய்க்குறி என்று பெயர் வைத்தார். ஆண்மைக்குறைவுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. ஆனாலும் பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் அந்த நோட்டீஸ் காயாமல் ஒட்டியபடி இருக்கிறது.

விறைப்பு குறைவதில் பயத்துக்கு மட்டுமல்ல, பழக்கங்களுக்கும் பங்குண்டு. தைரியத்துக்கு என்று போடும் நாலு பெக் ஆசையை வளர்த்து விறைப்பைக் கெடுக்கும். சிகரெட் ரத்தக்குழாயைச் சுருக்கும். மனச்சோர்வு ஆசையையே அணைத்துவிடும், அதற்குத் தரும் சில மாத்திரைகளும் அப்படித்தான். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார், நீங்களாக நிறுத்தக் கூடாது. காலை விறைப்பும் போய்விட்டது, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது என்றால் சர்க்கரை, பிரஷர், இதயம் மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும். இதய நோய்க்குச் சில ஆண்டுகள் முன்பே விறைப்புக் குறைவு தலைகாட்டுவதுண்டு. மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் விறைப்பு மாத்திரையான சில்டெனாபில், நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

பயத்துக்கு மாஸ்டர்ஸும் ஜான்சனும் சொன்ன வைத்தியம் ஒரு தடை. சில வாரங்களுக்கு உடலுறவு கூடவே கூடாது. முதுகு, தோள், கை என்று ஒருவரையொருவர் நிதானமாகத் தொடலாம். மார்பும் பிறப்புறுப்பும் முதலில் விலக்கு. விறைப்பு வந்தாலும் சரி, போனாலும் சரி, அதை வைத்து ஒன்றும் செய்யக் கூடாது. பரீட்சையே இல்லை என்றானபின் எதற்குப் பயப்படுவது? தொடுகையில் மனம் பதியப் பதிய, உடம்பு தன் வேலையைப் பார்க்கத் தொடங்கும்.

இதற்கு மனைவிக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவள் தூங்கிய பிறகு படுக்கைக்கு வருவதும், மொட்டைமாடியில் போனோடு நின்றுவிடுவதுமாக நீங்கள் ஒதுங்கினால், 'என்னைப் பிடிக்கவில்லை' என்றுதான் அவள் நினைப்பாள். "உன்னைப் பிடிக்காம இல்லை, எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதைத் தினமும் கேட்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். முடிந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.