ஹை டே, லோ டே, முழு நைட்

1966-ல் ஸ்வீடனில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரே சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்தார்கள். மிதித்த கால் ஓய்ந்துபோகும் வரை மிதித்துவிட்டு, அடுத்த சில நாள் மாவுச்சத்தாகவே சாப்பிட்டார்கள். பிறகு தொடையிலிருந்து துளித்துளியாகச் சதையை எடுத்துப் பார்த்தால், உழைத்த காலில் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு உழைக்காத காலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சோதித்தவர்களும் அவர்கள்தான், சோதனைக்கு உட்பட்டவர்களும் அவர்கள்தான்.

மாரத்தான் ஓடுகிறவர்களுக்குப் பயன்பட்ட அந்தக் கண்டுபிடிப்பு, ஆணழகன் போட்டி மேடைகளைச் சுற்றிவிட்டு, வேடசந்தூர் ஜிம்களுக்கு இப்போது 'கார்ப் சைக்கிளிங்' என்று வந்து சேர்ந்திருக்கிறது. எடை தூக்கும் நாள் 'ஹை டே', சோறு உண்டு. ஓய்வு நாள் 'லோ டே', சோறு கிடையாது. தொப்பை கரையும், புஜம் ஏறும், இரண்டும் ஒரே மாதத்தில் நடக்கும் என்கிறார்கள்.

முதல் வாரம் நடப்பது போலத்தான் தெரிகிறது. மூன்று நாள் சோற்றைக் குறைத்தவர் எடை மெஷினில் ஏறினால் ஒன்றரை, இரண்டு கிலோ காணாமல் போயிருக்கும். நம் தசைகளில் 400 கிராம் அளவிலும் ஈரலில் 100 கிராம் அளவிலும் கிளைகோஜன் இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சேமிப்பு கரைந்தால் தண்ணீரும் கூடவே வெளியேறும். ஹை டே வந்ததும் அவ்வளவும் திரும்பி வந்துவிடும். கொழுப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த முதல் வாரத்து எண்ணைப் பார்த்துத்தான் அடுத்த மூன்று பேர் சேருகிறார்கள்.

கொழுப்பு எப்படித்தான் குறைகிறது? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2018-ல் முடிவு வெளியிட்டார்கள். கொழுப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்கள் சராசரியாக 5.3 கிலோ இழந்தார்கள். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. மான்செஸ்டரில் 115 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தவர்களுக்குத் தினமும் அளவோடு சாப்பிட்டவர்களைவிடக் கொழுப்பு கூடுதலாகக் குறைந்தது உண்மை. அந்த இரண்டு நாளில் மொத்தச் சாப்பாடும் குறைந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். லோ டேயில் பலருக்கு நடப்பதும் அதுதான். சோற்றை எடுத்தால் குழம்புக்கும் வேலையில்லை, தட்டே பாதியாகிவிடுகிறது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த விளையாட்டில் இறங்கவே கூடாது.

தசையைக் கட்டுவது புரதம். 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018-ம் ஆண்டுக் கணக்கு, எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 1.6 கிராம் புரதம்வரை பலன் தெரிகிறது, அதற்கு மேல் பெரிதாக இல்லை என்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 96 கிராம். நான்கு முட்டையில் 24, அரை லிட்டர் பாலில் 16, நூறு கிராம் கொள்ளில் 22, ஐம்பது கிராம் நிலக்கடலையில் 12, முந்நூறு கிராம் அரிசியில் 22. கூட்டினால் 96 வந்துவிடுகிறது, டப்பா பவுடர் இல்லாமலே. கொள்ளு இந்த மானாவாரி பூமிக்குப் புதிய பயிரும் அல்ல. அதைக் குதிரைக்கும் சளிக்கும் மட்டும் என்று ஒதுக்கிவிட்டுச் சம்பளத்தில் பவுடர் வாங்குகிறோம்.

கார்ப் சைக்கிளிங் பற்றி எழுதச் சொல்லித்தான் இந்தப் பக்கத்தைக் கொடுத்தார்கள். ஆனால் வேடசந்தூரைச் சுற்றி இருப்பவை நூற்பாலைகள். ஜிம்முக்கு வருகிறவர்களில் அங்கே நூற்பு இயந்திரம் பார்க்கும் சைடரும், நிரம்பிய பாபினைக் கழற்றும் டாஃபரும் இருக்கிறார்கள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் முழு நைட் என்று மாறி மாறி ஓடுகிற உடம்பு அது. இதைக் கணக்கில் எடுக்காத எந்த டயட் சார்ட்டும் எனக்கு வெறும் காகிதமாகத்தான் தெரிகிறது.

முதலில் தூக்கத்தைப் பார்ப்போம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பருமனான 10 பேருக்கு 14 நாள் ஒரே அளவாகக் குறைத்த சாப்பாடு கொடுத்தார்கள். ஒரு முறை படுக்கையில் எட்டரை மணி நேரம், இன்னொரு முறை ஐந்தரை மணி நேரம். இரண்டு முறையும் எடை ஏறக்குறைய 3 கிலோ இறங்கியது. நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான். மீதி பெரும்பாலும் கொழுப்பல்லாத எடை. எடை குறைந்தது என்று தூக்கம் கெட்டவர் சந்தோஷப்படுவார், போனதில் பெரும்பகுதி கொழுப்பே அல்ல. ஆஸ்திரேலியாவில் 13 இளைஞர்கள், இளம்பெண்களை ஒரே ஒரு இரவு தூங்காமல் வைத்துப் பார்த்த 2021 ஆய்வில், தசை புதுப் புரதம் கட்டும் வேகம் 18 சதவீதம் குறைந்தது.

முழு நைட் முடித்து எட்டு மணிக்கு வருகிறவர் தூங்குவது எங்கே? தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில், பக்கத்து வீட்டு டிவி சத்தத்தில். நான்கு மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கொலராடோவில் 14 பேரை வைத்துச் செய்த ஆய்வின்படி, இரண்டாவது, மூன்றாவது இரவு ஷிஃப்டிலேயே உடம்பு ஒரு நாளில் செலவழிக்கும் சக்தி சுமார் 3 சதவீதம் இறங்கிவிடுகிறது. உழைப்பு அதே, எரிப்பது குறைவு. ஆனால் விடிகாலை மூன்று மணிக்குக் கண் சொக்கும்போது கை போவது டீக்கும் பன்னுக்கும்தான்.

மாவுச்சத்துக்கு உண்மையாகவே ஒரு சுழற்சி உண்டென்றால் அது நாள் கணக்கில் அல்ல, மணிக் கணக்கில். பாஸ்டனில் 19 பேரை இரவு வேலைக்காரர்களைப் போல வாழவைத்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் ஏறியது. அதே வேலை நேரத்தில் பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை.

சிறிய ஆய்வுகள்தான். இருந்தாலும் முழு நைட் வாரத்தில் செய்யக்கூடியது தெளிவாகவே இருக்கிறது. வேலைக்குப் போகுமுன் மாலையிலேயே சோற்றை முடித்துக்கொள்வது. நடு இரவில் பசித்தால் அவித்த முட்டையோ சுண்டலோ போதும். ஷிஃப்ட் முடிந்து நேராக ஜிம்முக்கு ஓடாமல், தூங்கி எழுந்து மாலையில் எடை தூக்குவது. அந்த வாரம் லோ டே வைக்காமலிருப்பது. தூக்கமும் குறைந்து சாப்பாடும் குறைந்தால் கரைவது எது என்பதைத்தான் சிகாகோவில் பார்த்தோமே.

இதில் ஜிம் பேச்சுக்குள் வராத ஒரு கூட்டமும் இருக்கிறது. அதே மில்லில் கோன் வைண்டிங் பிரிவில் நிற்கும் பெண்கள். வீட்டுக்கு வந்ததும் அடுப்பு, துணி, பிள்ளைகளின் ஸ்கூல். பகலில் அவர்கள் எப்போது படுக்கிறார்கள் என்று எந்த ஜிம் மாஸ்டரும் கேட்டதாகத் தெரியவில்லை. முழு நைட் கேன்டீனில் பன்னுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு கொள்ளுச் சுண்டல் வைத்தால், பரிமாறுவது முதலில் அவர்களிடமிருந்தே தொடங்கட்டும்.