60 வயது ஜாகுவாருக்கு ஏசி... ஓர் ஓட்டைகூடப் போடாமல் முடியுமா?

2023 ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை கடைசி வரை, அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் தொடர்ந்து 31 நாள்கள் வெயில் 43 டிகிரி செல்சியஸுக்குக் குறையவே இல்லை. வேலூர்க்காரர்களே கொஞ்சம் யோசிக்கும் கணக்கு இது. அப்படிப்பட்ட ஊரில், வீட்டு ஷெட்டில் ஒரு ஜாகுவார் இ-டைப் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தின் அழகான கார்கள் பட்டியலை யார் போட்டாலும் உள்ளே வந்துவிடும் கார். ஆனால், வருடத்தில் நான்கைந்து மாதங்கள் அதை யாரும் வெளியில் எடுக்க மாட்டார்கள். காரணம் சிம்பிள்... ஏசி இல்லை!

1961-ல் ஜெனிவா கார் கண்காட்சியில் அறிமுகமானது இ-டைப். செய்தது இங்கிலாந்தின் கோவென்ட்ரியில். 1974 வரை 72,000-க்கும் மேல் தயாரானது. அதில் பெரும்பகுதி கப்பலேறிப் போனது அமெரிக்காவுக்கு. குளிர் நாட்டில், குளிருக்காக யோசித்துச் செய்த கார், கலிஃபோர்னியா, டெக்சாஸ், அரிசோனா என்று வெயில் பூமிகளில் போய் வாழ்க்கைப்பட்டது. பிரச்னையின் ஆணிவேர் இதுதான்.

நீளமான பானெட்டுக்கு அடியில் 6 சிலிண்டர் இன்ஜின். அதன் சூடு முழுக்க டிரைவரின் காலடிக்கு வரும். இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில் கியர்பாக்ஸ் மேடு. கொஞ்ச நேரம் ஓட்டினாலே அது தோசைக்கல்லாகிவிடும். கூரை வைத்த மாடல் என்றால், பின்னால் சாய்வான பெரிய கண்ணாடி வழியாக வெயில் நேராக உள்ளே இறங்கும். இதில் லெதர் சீட் வேறு!

'ஒரு ஏசியை வாங்கி மாட்டிவிட்டால் போச்சு' என்று தோன்றும். பழைய கார்களுக்கென்றே ஏசி கிட் செய்கிற கம்பெனிகளும் இருக்கின்றன. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இருக்கும் 'வின்டேஜ் ஏர்' 1976-லிருந்து இதே வேலையாக இருக்கிறது. ஆனால், ஏசி என்பது ஒரு பெட்டி இல்லை. ரேடியேட்டர், பேட்டரி, இன்ஜின், பாடி என்று காரில் இருக்கும் எல்லோரிடமும் போய்க் கடன் கேட்கிற ஆள். கடன் கொடுக்கும் நிலைமையில் அவர்கள் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

ஊசிக்கு முன் தடவும் ஸ்பிரிட்

ஊசி போடும் முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்கும் இல்லையா? திரவம் ஆவியாகும்போது பக்கத்தில் இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். கார் ஏசியும் அதைத்தான் செய்கிறது. என்ன, ஆவியானதை வீணாக விடாமல் பிடித்து, மறுபடி திரவமாக்கிச் சுற்றவிடுகிறது.

டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் எவாப்பரேட்டரில் வாயு சூட்டை வாங்கிக்கொள்ளும். இன்ஜின் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் அதை அழுத்தும். முன்பக்கம் இருக்கும் கன்டென்சர் அந்தச் சூட்டை வெளியே தள்ளும். அங்கே திரவமானது, எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற குறுகிய வழியில் நுழைந்து மறுபடி எவாப்பரேட்டருக்கு வரும். அவ்வளவுதான் சுற்று.

சிக்கல் ஆரம்பிப்பது கன்டென்சரில். அதற்குக் காற்று வேண்டும். காற்று வருகிற ஒரே இடம் காரின் வாய். அங்கே ஏற்கெனவே ரேடியேட்டர் உட்கார்ந்திருக்கிறது. எனவே, கன்டென்சரை ரேடியேட்டருக்கு முன்னால் வைப்பார்கள். இதனால் ரேடியேட்டருக்குக் கிடைப்பது வெளிக்காற்று அல்ல, கன்டென்சர் சூடாக்கி அனுப்பிய காற்று. ஆரம்பகால இ-டைப்பின் அழகே அந்தச் சின்ன வாய்தான். அந்த வாய் ரேடியேட்டருக்கே பத்தாமல், டிராஃபிக்கில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கிவிடும். அலுமினிய சிலிண்டர் ஹெட் வைத்த இன்ஜின் அது. ஓவர் ஹீட் ஆகி ஹெட் வளைந்தால், ஏசிக்குச் செய்த செலவெல்லாம் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும்.

80-களில், 90-களில் அம்பாசடரில் வெளியே ஏசி மாட்டி ஓட்டிய குடும்பங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மலைப்பாதை ஏறும்போது 'ஏசியை ஆஃப் பண்ணுங்க, இன்ஜின் சூடாகுது' என்று டிரைவர் அண்ணன் சொல்வாரே... அதே கணக்குதான் இங்கேயும்.

ஜாகுவாருக்கும் இது தெரிந்தே இருந்தது. 1968-ல் இரண்டாவது சீரிஸ் வந்தபோது வாயைப் பெரிதாக்கினார்கள். இரண்டு எலெக்ட்ரிக் ஃபேன்கள் வைத்தார்கள். அமெரிக்காவுக்குப் போகும் கார்களில் ஏசியை ஆப்ஷனாகவும் கொடுத்தார்கள். அழகு கொஞ்சம் குறைந்தது என்று ரசிகர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். ஏசி மாட்டுகிறவர்களுக்கோ அந்த சீரிஸ்தான் வரம். எந்தப் பாகம் எங்கே உட்கார வேண்டும் என்று கம்பெனியே காட்டிவிட்டதே!

முதல் சீரிஸ் வைத்திருப்பவர்கள் முதலில் ரேடியேட்டரைத்தான் பார்க்க வேண்டும். கூடுதல் திறனுள்ள அலுமினிய ரேடியேட்டர், வலுவான ஃபேன், ஃபேனைச் சுற்றிக் காற்று கசியாத மறைப்பு. இவையெல்லாம் முடிந்து, ஏசி இல்லாமலே சிக்னலில் அரை மணி நேரம் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் கிட் வாங்குவதைப் பற்றிப் பேச வேண்டும்.

டைனமோவின் கஷ்டம்

1964 வரை வந்த 3.8 லிட்டர் இ-டைப்பில் மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர் இல்லை, டைனமோ. அது முழு வேகத்தில் சுற்றினாலும் 30 ஆம்பியரைத் தாண்டாது. வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடினால் ஏறக்குறைய ஒன்றுமே தராது. ஏசி காற்றாடி, கம்ப்ரசர் கிளட்ச், கன்டென்சர் ஃபேன் மூன்றும் சேர்ந்தாலே 25 ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். ராத்திரி ஹெட்லைட் போட்டு டிராஃபிக்கில் மாட்டினால் பேட்டரி என்னாகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். அந்த 3.8 லிட்டர் காரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களுக்கு நேரெதிர். இது தெரியாமல் புதிய கிட்டின் வயர்களை இணைத்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும், எலெக்ட்ரானிக் பாகங்கள் புகையும். எனவே ஆல்டர்னேட்டருக்கு மாறி, முனையையும் மாற்றிய பிறகே அடுத்த வேலை. 4.2 லிட்டர் மாடலில் இந்த இரண்டையும் ஜாகுவாரே செய்துவிட்டது.

'பெல்ட்டே வேண்டாம், எலெக்ட்ரிக் கம்ப்ரசர் வைக்கலாமே' என்று கேட்பவர்களும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், 1 கிலோவாட் ஏசியை 12 வோல்ட்டில் ஓட்ட 80 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அந்தக் கால வயரிங்கில் அதைக் கனவிலும் நினைக்க முடியாது. பெல்ட்டில் ஓடும் சின்ன சைஸ் கம்ப்ரசர்தான் என் ஓட்டு. ஜப்பானின் சான்டென் கம்பெனி செய்யும் இந்த வகை, அந்தக் காலத்து முரட்டுக் கம்ப்ரசர்களைவிடச் சிறியது, அதிர்வும் குறைவு. இன்ஜினிடமிருந்து சில குதிரைத்திறனை எடுத்துக்கொள்ளும். 265 குதிரைத்திறன் என்று விளம்பரப்படுத்திய இ-டைப்புக்கு அது கொசுக்கடி. அதே காலத்து எம்.ஜி.பி போன்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் என்றால், மேடு ஏறும்போது நன்றாகவே தெரியும்.

டேங்கிலும் அவர், ஏசியிலும் அவர்!

அந்தக் கால கார் ஏசிகளில் இருந்தது ஆர்-12 என்ற வாயு. இந்தக் குடும்பத்து வாயுக்களை உருவாக்கிய அமெரிக்கர் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறையையும் கண்டுபிடித்தவர். ஆக, 60-களில் ஏசி வைத்த ஒரு காரின் பெட்ரோல் டேங்கிலும் அவர் கைவண்ணம், ஏசிக்குள்ளும் அவர் கைவண்ணம். இரண்டுமே பின்னாளில் உலகத்துக்குத் தலைவலியானது. ஓசோன் படலத்தை அரிப்பதால், 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆர்-12 படிப்படியாக நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் 1995 முடிவோடு அதன் உற்பத்தி நின்றது.

இப்போது பழைய கார் கிட்களில் பெரும்பாலும் ஆர்-134ஏ. ஓசோனுக்கு ஆபத்தில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைவிட 1,400 மடங்கு வலுவானது. ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்களில் இதை நிரப்ப முடியாது. அமெரிக்காவில் வாயுவை வெறுமனே காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். 70-களில் ஏசி வைத்த ஒரு காரை வாங்கி, பழைய ரப்பர் குழாய்களிலேயே ஆர்-134ஏ நிரப்பினால், அது மெல்ல மெல்லக் கசிந்து போய்விடும். உள்ளே தடுப்புப் படலம் உள்ள புதிய குழாய்கள் வேண்டும். ஆயிலையும் மாற்ற வேண்டும். வாயு நிரப்பும் முன் வேக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் ஈரத்தை முழுக்க எடுக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீர் தங்கினாலும் வால்வில் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். அவசரப்பட்டு இந்த வேலையைச் சுருக்கினால், அடுத்த கோடையில் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.

எங்கே டிரில் வைக்கலாம்?

வைக்கவே கூடாது என்பதுதான் நல்ல மெக்கானிக்கின் பதில். இ-டைப்பின் முன்பகுதியில் சதுரக் குழாய்களால் ஆன ஒரு சட்டம் உண்டு. இன்ஜினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்குவது அதுதான். அதில் ஒரு துளை போட்டாலும், ஒரு வெல்டிங் வைத்தாலும் பலம் போகும். கம்ப்ரசரைத் தாங்கும் பிராக்கெட், இன்ஜினில் ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளில்தான் உட்கார வேண்டும். எவாப்பரேட்டரில் சொட்டும் தண்ணீருக்கும் வழி வேண்டும். அதைச் சரியாக வெளியேற்றாவிட்டால் கார்ப்பெட் ஊறி, தரைத் தகடு துருப்பிடிக்கும். பாடியே சேசிஸாக இருக்கும் காரில் தரை துருப்பிடிப்பது, வீட்டின் அஸ்திவாரத்தில் தண்ணீர் கசிவதற்குச் சமம்.

'ஒரிஜினாலிட்டி போய்விடும், ஏசியே கூடாது' என்பவர்களின் வாதமும் புரிகிறது. போட்டிகளில் மதிப்பெண் குறையும், விற்கும்போது பேரம் பேசுவார்கள். ஆனால், ஓட்டாமல் நிறுத்திவைத்த காரும் கெடுகிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகிறது, ரப்பர் சீல்கள் காய்கின்றன, பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கிறது. ஐந்து மாதங்கள் ஷெட்டில் தூங்கும் ஒரிஜினல் காரைவிட, திரும்பக் கழற்றக்கூடிய ஏசியோடு ஓடுகிற கார் மேல் என்பது என் கட்சி.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒரு மலிவான வேலை இருக்கிறது. ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் போகும் வால்வு சரியாக மூடுகிறதா என்று பாருங்கள். பழைய கார்களில் இது கசிந்து, ஹீட்டரை ஆஃப் செய்த பிறகும் உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் வயர்கள் நுழையும் ஓட்டைகளில் புது ரப்பர் வளையம், கியர்பாக்ஸ் மேட்டின் மேலும் தரையிலும் வெப்பத் தடுப்பு விரிப்பு. இவற்றைச் செய்த பிறகு ஒரு மதியம் ஓட்டிப் பாருங்கள். சிலருக்கு அதுவே போதும் என்று தோன்றிவிடும். போதாதவர்களுக்கும் சின்ன ஏசியே தாங்கும், அதனால் ரேடியேட்டருக்குச் சுமையும் குறையும்.

ஏசி மாட்டி முடித்ததும் கழற்றிய டைனமோ, பழைய ஃபேன், பிராக்கெட், ஒவ்வொரு போல்ட் உட்பட அனைத்தையும் பெயர் எழுதி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். நாளைக்கு காரை விற்றால் அந்தப் பெட்டியும் கூடவே போக வேண்டும். வாங்குகிறவர் குளிர் ஊர்க்காரராக இருந்தால், ஒரு வாரக் கடைசியில் அதைத் திறந்து 1961-க்கே திரும்பிவிடலாம்.