அக்கா வழி வந்த தச்சர்

1484 மார்ச்சில் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் ஒரு புதிய கழகத்துக்கு அரசு சாசனம் எழுதிக் கொடுத்தார். பிரபுக்களின் கேடயத்தில் எந்தச் சின்னம் இருக்கலாம், அது யாருக்கு உரியது என்று பார்த்துச் சொல்லும் கட்டியக்காரர்களின் கழகம் அது. சின்னம் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும். ஆகவே யார் யாருடைய பிள்ளை என்று எழுதி வைப்பதும் அவர்கள் வேலையாயிற்று. லண்டனில் அந்தக் கழகம் இன்றும் நடக்கிறது.

சாசனம் கொடுத்த ரிச்சர்ட் மறு ஆண்டே, 1485 ஆகஸ்டில், பாஸ்வொர்த் போர்க்களத்தில் செத்துப்போனார். வயது 32. உடலை லெஸ்டர் நகரத் துறவிமடம் ஒன்றில் அவசரமாகப் புதைத்தார்கள். பிறகு மடமும் இடிந்தது, கல்லறையும் மறைந்தது. ஊராரின் வம்சத்தைப் பதிந்து வைக்க வழிசெய்தவரின் எலும்பு எங்கே என்று நூற்றாண்டுக்கணக்கில் தெரியவில்லை.

2012இல் அது ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தது. அந்தத் தார்த்தரையில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து வேறு எழுதியிருந்தது. அது காருக்கு ஒதுக்கிய இடத்தின் அடையாளம்தான். ஆனால் ரிச்சர்டின் முதலெழுத்தும் அதுவே என்றால் பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா!

குழி உடலைவிடக் குட்டையாக இருந்ததால் தலை ஒரு பக்கம் தூக்கியபடி கிடந்தது. பாதங்கள் இல்லை. மண்டையோட்டில் வெட்டுக் காயங்கள். முதுகெலும்பு பக்கவாட்டில் நன்றாக வளைந்திருந்தது. ரிச்சர்டின் ஒரு தோள் மற்றதைவிட உயர்ந்திருந்தது என்று பழைய குறிப்பு உண்டு. இத்தனையும் பொருந்துகிறது. ஆனால் பொருந்துவது வேறு, நிரூபிப்பது வேறு. அந்தக் காலத்தில் வெட்டுப்பட்டு இறந்த முப்பது வயதுக்காரர்கள் எத்தனையோ பேர்.

நிரூபிக்க உறவினர் வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

நம் டி.என்.ஏ.யின் பெரும்பகுதி அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி. ஒவ்வொரு தலைமுறையிலும் அது சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துப் பாதி பாதியாகப் பங்கிடப்படும். பதினைந்து, இருபது தலைமுறை தாண்டினால் ஒரு குறிப்பிட்ட மூதாதையின் துண்டு நம்மிடம் ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். ஆனால் கலையாமல் வரும் பகுதிகள் இரண்டு உண்டு. ஒன்று, அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம். மற்றது மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.

செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் நுண்ணிய உறுப்புதான் மைட்டோகாண்ட்ரியா. அதற்குச் சொந்தமாகக் குட்டி டி.என்.ஏ. ஒன்று உண்டு. மொத்தம் 16,569 எழுத்துகள். அம்மாவின் கருமுட்டை வழியாகத்தான் அது பிள்ளைக்கு வருகிறது. மகனுக்கும் வரும், மகளுக்கும் வரும். ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவது மகள் மட்டுமே. உங்களிடம் இருப்பது உங்கள் அம்மாவின் அம்மாவின் அம்மாவுடையது. இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒரு செல்லில் இதற்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான நகல்கள் இருக்கும். மண்ணில் மக்கிய பழைய எலும்பிலும் பல்லிலும் ஏதாவது ஒரு நகலாவது தேற வாய்ப்பு அதிகம்.

ஆக, ரிச்சர்டுக்குப் பேரப்பிள்ளைகள் இருந்திருந்தாலும் இந்தக் காரியத்துக்கு உதவமாட்டார்கள். அவர் ஆண். அவருடைய அம்மா செசிலி நெவில் கொடுத்த மைட்டோகாண்ட்ரியா அவரோடு முடிந்தது. அதே செசிலியின் மகள், ரிச்சர்டின் அக்கா ஆன், தன் மகளுக்குக் கொடுத்தார். அந்த மகள் தன் மகளுக்கு. அந்த வரிசையைப் பிடிக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். ஐரோப்பியப் பிரபுக் குடும்பங்களின் வம்சாவளிகள் அச்சாகி அலமாரி அலமாரியாக இருக்கின்றன. ஜெர்மனியில் 1763 முதல் வந்த கோத்தா பஞ்சாங்கம், பிரிட்டனில் 1826இல் ஜான் பர்க் தொடங்கிய பெரிய தொகுதி என்று தடித்தடியான புத்தகங்கள். அவற்றின் கவனமெல்லாம் பட்டமும் நிலமும் யாருக்குப் போகின்றன என்பதில். இவை இரண்டும் பெரும்பாலும் மூத்த மகனுக்கே. மகளென்றால் 'இன்னாரை மணந்தார்' என்று ஒரு வரி. அதற்குப் பிறகு அவள் வேறு குடும்பத்தின் பக்கத்தில் இருப்பாள், வேறு பெயரில். ஆனின் மகள் செயின்ட் லெஜர் குடும்பத்துப் பெண். அவள் மகள் மேனர்ஸ். அவளுடைய மகள்கள் கான்ஸ்டபிள். தலைமுறைக்கு ஒரு குடும்பப்பெயர்! போகப் போகப் பிரபுப் பட்டமும் போய்விடும், சாதாரணக் குடும்பங்களாகிவிடும். அப்புறம் தேவாலயப் பதிவேடு, உயில், கல்லறைக் கல் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதுதான். நல்லவேளையாக 1538 முதல் இங்கிலாந்தின் தேவாலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்கச் சொல்லி உத்தரவு இருந்தது.

ஜான் ஆஷ்டவுன்-ஹில் என்ற வரலாற்றாளர் அப்படித் தேடி, 2004இல் கனடாவில் இருந்த ஒரு பாட்டியிடம் போய்ச் சேர்ந்தார். அகழ்வு தொடங்குமுன்பே பாட்டி இறந்துவிட்டார். ஆனால் அவருடைய மகன் லண்டனில் மரச்சாமான் செய்பவராக இருந்தார். ஆனுக்குப் பின் பதினேழாவது தலைமுறை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கொடுத்தார், அவ்வளவுதான் அவர் செய்ய வேண்டியிருந்தது. அதே கொடிவழியின் இன்னொரு கிளையிலிருந்து ஒரு பெண்மணியையும் கண்டுபிடித்தார்கள்.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கின் குழு ஒப்பிட்டுப் பார்த்தது. தச்சருக்கும் எலும்புக்கும் 16,569 எழுத்தும் ஒன்றே. பெண்மணிக்கு ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். இத்தனை தலைமுறை நகலெடுத்ததில் ஓர் எழுத்து பிசகுவது இயல்புதான். 2015 மார்ச்சில் ரிச்சர்டை லெஸ்டர் பேராலயத்தில் மறுபடி அடக்கம் செய்தபோது, சவப்பெட்டியைச் செய்தவரும் அந்தத் தச்சரே.

சரி, அப்பா வழி? அது சுலபமாக இருந்திருக்க வேண்டும். புத்தகங்களில் பளிச்சென்று இருப்பது அதுதானே. ரிச்சர்டிலிருந்து நான்கு படி மேலே போனால் மன்னர் மூன்றாம் எட்வர்ட். எட்வர்டின் இன்னொரு மகன் வழியில் பதினைந்து படி கீழே வந்தால் 1803இல் இறந்த ஐந்தாம் போஃபோர்ட் டியூக். இந்த டியூக்கின் ஆண்வழி வாரிசுகள் ஐந்து பேர் ஒய் குரோமோசோமைச் சோதிக்கக் கொடுத்தார்கள்.

ஒன்றுகூட ரிச்சர்டோடு சேரவில்லை. ஐவரில் நால்வர் தங்களுக்குள் ஒத்துப்போனார்கள், ஐந்தாமவர் அவர்களோடும் சேரவில்லை! எங்கோ ஓரிடத்திலாவது ஏட்டில் எழுதிய அப்பா ஒருவர், பெற்ற அப்பா வேறொருவர் என்று அர்த்தம். ரிச்சர்டுக்கும் டியூக்குக்கும் நடுவில் இருப்பது 19 அப்பா-மகன் படிகள். எந்தப் படி என்று இந்தச் சோதனை சொல்லாது.

இதைக் கேட்டுச் சிலர் 'அப்படியானால் அது ரிச்சர்டே இல்லை' என்றார்கள். எனக்கு அந்த வாதம் நிற்பதாகத் தோன்றவில்லை. இப்படிப்பட்ட பிசகு ஒரு தலைமுறையில் நூற்றில் ஒன்று, இரண்டு நடப்பதாக ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்களே கணக்குப் போடுங்கள். 19 படியும் பிசகாமல் இருக்க 0.99ஐப் பத்தொன்பது முறை பெருக்க வேண்டும். சுமார் 0.83 வரும். நூற்றில் இரண்டென்று வைத்தால் 0.68. அதாவது ஆறில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை சங்கிலி அறுபட வாய்ப்பிருக்கிறது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அம்மா வழியில் இந்தச் சந்தேகம் குறைவு: பிள்ளை பெற்ற அம்மா யார் என்பதை மருத்துவச்சி பக்கத்திலேயே இருந்து பார்த்திருப்பாள்.

இதே முறை ரஷ்யாவிலும் உதவியது. 1918 ஜூலையில் சுட்டுக்கொல்லப்பட்ட ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸ் குடும்பத்தின் எலும்புகளை 1991இல் தோண்டியெடுத்தார்கள். ஜாரின் மனைவி ராணி அலெக்ஸாண்ட்ரா, இங்கிலாந்து ராணி விக்டோரியாவின் மகள்வழிப் பேத்தி. அலெக்ஸாண்ட்ராவின் அக்கா மகளுடைய மகன் யார் தெரியுமா? ராணி எலிசபெத்தின் கணவர் பிலிப்! 1993இல் அவர் ரத்தம் கொடுத்தார். குழியில் இருந்த தாயோடும் மூன்று மகள்களோடும் அது பொருந்தியது. மறுபடியும் அக்கா வழி.

ஜாருக்கு பிலிப் உதவ முடியாது. ஜாரின் அம்மா வேறு வழி. அந்த வழி உறவினர்களோடு ஒப்பிட்டதில் ஓரிடம் உதைத்தது. அவர்களிடம் ஓர் எழுத்து இருந்த இடத்தில் ஜாரிடம் இரண்டு எழுத்துகள் கலந்திருந்தன. அவருடைய மைட்டோகாண்ட்ரியாக்கள் சிலவற்றில் ஒன்று, மற்றவற்றில் இன்னொன்று. இது ஜார்தானா என்று சந்தேகம் கிளம்பியது. 1899இல் இறந்த தம்பி ஜார்ஜின் கல்லறையை 1994இல் திறந்தார்கள். அதே இடம், அதே இரண்டு எழுத்து, அதே கலப்பு.