கரித்துணியும் காலங்குலமும்

பெருங்குடிக் குப்பைமேட்டைத் தோண்டிச் சலிக்கும் வேலை 2022இல் தொடங்கியது. 1980களிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பில் கொட்டிக் கொட்டிச் சுமார் 225 ஏக்கருக்குப் பரந்துவிட்ட குப்பை அது. செலவு ஏறக்குறைய 350 கோடி ரூபாய். மண்ணைத் தனியே, கல்லைத் தனியே, எரியக்கூடியதைத் தனியே பிரிக்கிறார்கள். எரியக்கூடிய குவியலில் பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவே சுடிதார் கால், நைட்டிக் கை, நைந்த டவல் என்று துணியும் கிடக்கும். இந்தக் குவியல் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகிறது.

இந்த ஊர் 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்குச் சில பத்தாண்டுகள் முன்னால், இங்கும் சரி, மயிலாப்பூரிலும் சரி, ஒரு வீட்டிலிருந்து துணி குப்பைக்குப் போவது அபூர்வம். நூல்புடவை நைந்தால் பெண்பிள்ளைக்குப் பாவாடையாகும். குழந்தை பிறந்தால் உத்தரத்தில் தூளியாகத் தொங்கும். தூளிக்கும் தாங்காது என்றானதும் அடுப்படிக்கு வந்து, பாத்திரம் இறக்கும் கரித்துணியாகும். வேட்டியென்றால் கிழித்து விளக்குத் திரி. எதற்கும் ஆகாததை வைத்திருந்தால் அதற்கென்றே ஒருவர் வாசலில் வந்து நிற்பார், தலையில் எவர்சில்வர் பாத்திரக் கூடையோடு.

“என்னப்பா, ரெண்டு பேண்ட்டு, ஒரு ஜரிகைப் பொடவ குடுத்திருக்கேன். இத்துனூண்டு டபராவ நீட்டுற?”

“பேண்ட்டு முட்டி போயிருச்சும்மா. ஜரிகையும் டூப்ளிகேட்டு. வேணும்னா ஒரு கரண்டி சேத்துத் தர்றேன்.”

இந்தப் பேரம் அரை மணி நேரம் நடக்கும். நடத்தியவர்களுக்கு அது பொழுதுபோக்கும்கூட.

இந்தச் சங்கிலியில் பெயரில்லாத ஒரு கண்ணியும் உண்டு. பிள்ளைப்பேற்றுக்கு நாள் நெருங்கும்போது பாட்டிமார் பழைய புடவையை மூன்று நான்கு மடிப்பாக மடித்து, ஓரம் சேர்த்து, நடுவில் பெரிய பெரிய தையலாக நூல் ஓட்டிவைப்பார்கள். குழந்தையைக் கிடத்த அதைவிட மெத்தென்ற விரிப்பு கிடையாது. வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, மராட்டியத்தில் கோதடி என்று கொண்டாடப்படுவதெல்லாம் அடிப்படையில் இதே வேலைதான். அங்கே அது பூவும் யானையும் தேரும் தீட்டிய கலையாக வளர்ந்தது. நம்மிடம் வளராததற்குத் தட்பவெப்பம் ஒரு காரணம். மார்கழியிலும் ஒற்றைப் போர்வையை உதைத்துத் தள்ளும் ஊரில் யார் மூன்றடுக்குப் போர்வை தைப்பார்கள்?

நம் ஊசிக்கு மெத்தையில்தான் வேலை இருந்தது. பஞ்சடிப்பவர்கள் தோளில் வில்லோடு தெருத்தெருவாக வந்து, கட்டிபட்ட இலவம்பஞ்சை அடித்து உதிர்த்துத் திரும்ப உறையில் திணித்துத் தருவார்கள். திணித்தபின் முழ நீளக் கோணூசியால் மேலிருந்து கீழ்வரை குத்தி, முடிச்சிட்டு இறுக்குவார்கள். அப்படி இறுக்காவிட்டால் பஞ்சு ஒரு மூலைக்கு ஓடிவிடும். குவில்ட் என்பதன் தொழில்நுட்பம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்றும் நகராதபடி தையல் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஃபோம் மெத்தை வந்தது, வில்லோசை நின்றது.

மேல்துணியைத் துண்டு துண்டாக ஒட்டித் தைப்பதிலும் நமக்குக் கைப்பழக்கம் இல்லாமலில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் தேருக்குத் தைக்கிற தொம்பைகளைப் பாருங்கள்: சிவப்பு, மஞ்சள், பச்சைத் துணிகளில் யாளியும் அன்னமும் தாமரையும் வெட்டி ஒட்டித் தைத்த உருளைகள். சாமி தேரில் ஒட்டுத்துணி ஆடினால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். பையன் கால்சட்டையில் ஒட்டு இருந்தால் பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பல வீடுகளில் ஒட்டுப் போட்ட பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து வைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

இன்று அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சென்னையில் குவில்ட் தைப்பவர்களுக்கென்று தனி உலகமே உருவாகியிருக்கிறது. டீனா கட்வாலின் ‘தி ஸ்கொயர் இன்ச்’ போன்ற இடங்களில் வகுப்புகள் நடந்தன. 2019 ஜனவரியில் குவில்ட் இந்தியா ஃபவுண்டேஷன் சென்னையில் நடத்திய இந்தியா குவில்ட் திருவிழாவில் உள்நாட்டுக் குவில்ட்டுகளும் வெளிநாட்டுக் குவில்ட்டுகளும் ஒரே கூரையின்கீழ்த் தொங்கின. ராஜீவ் காந்தி சாலையின் இருபுறமும் எழும்பிய அடுக்ககங்களில், மகன் படிக்கப் போனபின் காலியான அறையில் தையல் மிஷின் ஏறுகிறது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மென்பொருள் எழுதுகிறவர், கைக்குழந்தையோடு வேலையை விட்டவர் என்று கலவையான கூட்டம். ஆண்கள் குறைவுதான். ஆனால் வந்தவர்கள் கணக்கில் கெட்டி.

ஏனென்றால் இது கணக்கு. காலங்குலத் தையல் என்பது இதன் வேதவாக்கு. முடித்தபின் நாலங்குலமாகத் தெரிய வேண்டிய சதுரத்தை நாலரை அங்குலத்துக்கு வெட்ட வேண்டும், இரண்டு பக்கமும் காலங்குலம் தையலுக்குள் போய்விடும் என்பதால். காலங்குலம் என்றால் நம் ஆசாரிகள் கணக்கில் இரண்டு நூல். ஒவ்வொரு தையலும் ஒரே ஒரு நூல் துணியைக் கூடுதலாகத் தின்றால் எட்டுத் தையலில் ஓர் அங்குலம் காணாமல் போகும், நட்சத்திரத்தின் மூக்கு அறுந்துவிடும். 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த உருளும் வட்டக்கத்தி இந்த வேலையை மாற்றிப்போட்டது. அதுவரை அட்டையை வைத்துக் கோடு கிழித்து, கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டினார்கள். இப்போது துணியை அடுக்கி, அக்ரிலிக் அளவுகோலை அழுத்தி, ஒரே இழுப்பில் நான்கு அடுக்கை வெட்டலாம். நம் பாட்டி பார்த்திருந்தால் கத்தியை வாங்கிக் காய் நறுக்கப் போயிருப்பாள்.

துணிக்கு எங்கே போகிறார்கள்? சிலர் அமெரிக்கப் பருத்தியை யானை விலை கொடுத்து வரவழைக்கிறார்கள். விவரமானவர்கள் பாரிமுனையின் கோடவுன் தெருவில் கட் பீஸ் தேடுகிறார்கள், அல்லது தி.நகரின் மேட்சிங் சென்டர்களுக்குள் நுழைகிறார்கள். ரவிக்கைத் துணிக்காகவே நிறம் நிறமாக, அதிலும் ஒரே பச்சையில் பல பச்சையாக அடுக்கிவைத்திருக்கும் அந்தக் கடைகள் குவில்ட்காரர்களின் சொர்க்கம். இன்னொரு சுரங்கம் வீட்டிலேயே இருக்கிறது. கொலுவுக்கும் கல்யாணத்துக்கும் வெற்றிலைபாக்கோடு வைத்துத் தரும் ரவிக்கைத் துண்டு, யாரும் தைத்துப் போடாமல் வீடு வீடாகச் சுற்றிக் கொடுத்தவர் கைக்கே திரும்பி வரும். அந்தப் பயணத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தவர்கள் என்ற வகையில் குவில்ட்காரர்களுக்கு மயிலாப்பூர் நன்றி சொல்ல வேண்டும். பாலியெஸ்டர் கலந்ததைக் கழித்துவிட்டு, மீதியைத் துவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்து வெட்டுகிறார்கள்.

சாயம் போவது இவர்களுக்குச் சிம்ம சொப்பனம். வெள்ளைச் சதுரத்தில் அரக்குச் சிவப்பு கசிந்தால் மூன்று மாத உழைப்பு போச்சு. வேடிக்கை என்னவென்றால், 1960களின் அமெரிக்காவில் சாயம் போவதையே பெருமையாக விளம்பரம் செய்து மெட்ராஸ் கட்டம்போட்ட துணியை விற்றார்கள். துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றில் ஒன்று கரையும், அதற்கு உத்தரவாதம் என்றார்கள். கல்லூரி இளைஞர்கள் வாங்கிக் குவித்தார்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று குவில்ட் தைப்பதை ஒதுக்குகிறவர்கள் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். சாயவேரில் சிவப்பேற்றி, கையால் பூவும் கொடியும் தீட்டிய சோழமண்டலக் கரைச் சீட்டித் துணி பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியப் படுக்கையறைகளைப் பிடித்துவிட்டது. இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் மாளிகையில் சுமார் 1708ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் ஒட்டுத்துணிப் படுக்கைவிரிப்பு இருக்கிறது. அந்நாட்டில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுத்தையல்களில் ஒன்று அது. அதன் துண்டுகள் இந்தியச் சீட்டி. அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளர்கள் போட்ட கூச்சலில் 1721இல் நாடாளுமன்றம் சாயமிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் தடை போட்டது. ஆனாலும் ஆசை விடவில்லை. அந்த நூற்றாண்டில் சீட்டியிலிருந்து பறவையையும் பூவையும் தனியே வெட்டி எடுத்து, வெற்றுத் துணிமேல் ஒட்டித் தைப்பது அங்கே ஒரு பாணியாகவே பரவியது. இந்தப் பக்கம் 1734இல் நெசவாளர்களையும் துணியில் தீட்டுவோரையும் குடியமர்த்தச் சிந்தாதிரிப்பேட்டையைக் கும்பினி உருவாக்கியது. துணி இங்கிருந்து கப்பலேறியது. முந்நூறு ஆண்டு கழித்து அதை வெட்டி ஒட்டும் வித்தை பாடப் புத்தகமும் அளவுகோலுமாக இங்கே இறங்கியிருக்கிறது.

புதுத் துணியை வாங்கி, வெட்டித் துண்டாக்கி, மறுபடி ஒட்டுவது என்ன சிக்கனம் என்று கேட்கிறவர்களை எனக்குத் தெரியும். சிக்கனம் இல்லைதான். அன்றைய ஒட்டு தேவைக்குப் போட்டது, இன்றைய ஒட்டு ஆசைக்கு. வீணை வாசிக்கிறவரிடம் என்ன லாபம் என்று நாம் கேட்பதில்லையே. என் மனத்தாங்கல் வேறு. இத்தனை கூர்மையான கைகள் இருக்கும் ஊரில் பழைய புடவை இன்னும் பெருங்குடிக்குத்தான் போகிறது. தாத்தாவின் சட்டைகளை வெட்டிப் பேத்திக்குப் போர்வை தைத்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். அந்தக் கோடுபோட்ட சட்டைத்துணியின் நெருக்கத்தை எந்த இறக்குமதிப் பருத்தியும் தராது. அப்படிச் செய்கிறவர்கள் கூட வேண்டும்.

விற்பனை என்று போனால் கதை கந்தல். இருவர் படுக்கும் கட்டிலுக்கு ஒரு குவில்ட் தைக்க மாதக்கணக்காகும். நியாயமான கூலி போட்டு விலை சொன்னால், ஆன்லைனில் ஆயிரத்தைந்நூறுக்குக் கிடைக்கிறதே என்று பதில் வரும். அதனால் பெரும்பாலானவர்கள் விற்பதில்லை, கொடுத்துவிடுகிறார்கள். யாருக்கு என்று விசாரித்தால், மகளின் பிரசவத்துக்கு நியூ ஜெர்சி போகும் அம்மாவின் பெட்டியில் பருப்புப்பொடிக்கும் பிரசவ லேகியத்துக்கும் நடுவே ஒன்று மடித்து வைத்திருக்கும். தைத்தவர் அதை ஓர் இரவுகூடப் போர்த்திப் பார்த்திருக்க மாட்டார். பெருங்குடியில் அதற்கு ஏசியைப் பதினெட்டில் வைக்க வேண்டும்.