சரளி வரிசையை அவசரப்படுத்தாதீர்கள்

பாட்டு வகுப்பில் சேரும் பெரியவர்கள் இரண்டாவது மாதமே கேட்டுவிடுவார்கள்: "பாட்டு எப்போ டீச்சர் ஆரம்பிப்பீங்க?" குழந்தைகள் கேட்பதில்லை, அவர்களுக்காக அம்மா கேட்பார். ஸ ரி க ம என்று ஏறுவதும் இறங்குவதும் பாட்டாகத் தோன்றாததுதான் காரணம். ஆனால் குரல் பழகுவது அங்கேதான். கீர்த்தனை சொல்லிக்கொடுக்கும்போது ஆசிரியரின் கவனமும் மாணவரின் கவனமும் சாகித்தியத்துக்கும் தாளத்துக்கும் சங்கதிக்கும் போய்விடும். தொண்டையைக் கவனிக்க அப்போது யாருக்கும் நேரமிருக்காது.

கர்நாடக இசையின் ஆரம்பப் பாடங்களை ஒழுங்குபடுத்தியவர் புரந்தரதாசர் என்பது மரபு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, மேல்ஸ்தாயி வரிசை, தாட்டு வரிசை, ஏழு தாளங்களில் அலங்காரம், பிறகு கீதம் என்று அந்த ஒழுங்கு போகும். வரிசைகள் எல்லாம் 15ஆவது மேளமான மாயாமாளவகௌளையில். ஏன் அந்த ராகம் என்பதை ஆர்மோனியத்தில் கை வைத்துப் பார்த்தால் புரியும். ஸட்ஜமும் சுத்த ரிஷபமும் ஒட்டிய கட்டைகள். ரிஷபத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்குப் போக நடுவில் இரண்டு கட்டைகளைத் தாண்ட வேண்டும். காந்தாரமும் மத்தியமமும் மறுபடி ஒட்டியவை. மேலே ப த நி ஸ என்பதும் அச்சாக இதே அமைப்புதான். மிகச் சிறிய இடைவெளி, பெரிய தாண்டல் இரண்டும் ஒரே வரியில் கிடைக்கின்றன. கீழ்ப்பாதியில் பழகியதை மேல்பாதியில் சரிபார்த்துக்கொள்ளலாம். காதுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்பேன்.

வரிசை தொடங்குவதற்கு முன் சுருதி. ஆண்கள் பொதுவாக 1 முதல் 2 கட்டைக்குள்ளும், பெண்கள் 4½ முதல் 6 கட்டைக்குள்ளும் பாடுகிறார்கள். இது சட்டமல்ல. உங்கள் கட்டையைக் கண்டுபிடிக்க, மந்தர ஸ்தாயியின் பஞ்சமமும் தார ஸ்தாயியின் காந்தாரமும் சிரமமில்லாமல் எட்டுகிறதா என்று பாருங்கள். கீழே காற்று மட்டும் வந்தால் சுருதியை ஏற்ற வேண்டும். மேலே கழுத்து நரம்பு புடைத்தால் இறக்க வேண்டும். பிடித்த பாடகரின் ஒலிநாடாவோடு அவர் கட்டையிலேயே சேர்ந்து பாடிப் பழகுவதுதான் பல குரல்களைக் கெடுத்திருக்கிறது. எட்டாத மேல்ஸ்வரத்தைக் கள்ளத்தொண்டையில் தொட்டுவிட்டு வருவதும் அப்படித்தான் பழக்கமாகிறது.

சுருதி பிடிபட்டதும் முதல் வேலை பாடுவதல்ல, கேட்பது. தம்புராவோ சுருதிப் பெட்டியோ கைபேசிச் செயலியோ எதுவானாலும், இரண்டு நிமிடம் வாயை மூடிக் கேளுங்கள். பிறகு ஸட்ஜத்தை ஒரு மூச்சு முழுக்க நிறுத்துங்கள். உங்கள் குரல் தம்புராவின் ஒலியோடு கரைந்து, தனியாகக் கேட்காமல் போகும் ஒரு கணம் வரும். அதுதான் சுருதி சேர்ந்ததற்கு அடையாளம். சுருதியைத் தணிவாக வைத்து உரக்கப் பாடுபவருக்கு அந்தக் கணம் வரவே வராது.

இப்போது முதல் சரளி. ஏறி இறங்கினால் மொத்தம் 16 ஸ்வரங்கள். ஆதி தாளத்தில் முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், ஆகவே இரண்டு ஆவர்த்தனம். இரண்டாம் காலத்தில் ஒரே ஆவர்த்தனத்தில் முடியும். மூன்றாம் காலத்தில் அரை ஆவர்த்தனம்தான் என்பதால் இருமுறை பாடுவோம். எல்லோரும் ஆசைப்படுவது மூன்றாம் காலத்துக்கு. அங்கே ரிஷபம் கொஞ்சம் ஏறியிருந்தாலும் ஓட்டத்தில் தெரியாது; முதல் காலத்தில் ஒளிய இடமில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே தொடங்குகிறது, நடுவில் தொய்கிறதா, அடுத்த ஸ்வரத்துக்குப் போகும்போது வழுக்குகிறதா என்று எல்லாம் கேட்கும். இறங்கும்போது நிஷாதமும் காந்தாரமும் தாழ்ந்துபோவது ஆரம்பத்தில் பலருக்கும் வரும் கோளாறு. அதை முதல் காலத்தில் திருத்தாமல் வேகத்துக்குப் போனால், அபஸ்வரமும் வேகமாகவே வரும்.

ஸ்வரமாகப் பாடி முடித்த வரிசையை அகாரத்தில் பாடுங்கள். ஸ, ரி, க என்ற எழுத்துகள் ஊன்றுகோல் போல உதவிக்கொண்டிருந்தன. வெறும் 'ஆ'வில் அது போய்விடும். ஸ்வரத்துக்கு ஸ்வரம் சுத்தமாக நகர வேண்டிய பொறுப்பு முழுக்கக் குரலுக்கு வரும். வாய் தாராளமாகத் திறந்திருக்கட்டும், தாடை தளர்ந்திருக்கட்டும், நாக்கின் நுனி கீழ்ப்பல் வரிசையில் படிந்திருக்கட்டும். 'ஆ' மெல்ல 'ஓ'வாகவோ மூக்கொலியாகவோ மாறுகிறதா என்று ஒரு கண்ணாடி முன் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். பிருகா வேண்டும் என்பவர்களுக்கும் வழி இதுதான்: அகாரம், மூன்று காலம், தினமும். ஜண்டை வரிசையில் ஸஸ ரிரி என்று வரும்போது இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் கொடுக்க வேண்டும். அந்த அழுத்தம் கழுத்திலிருந்து வந்தால் குரல் களைக்கும். அடிவயிற்றில் கை வைத்துப் பாடினால், இரண்டாம் ஸ்வரத்தில் அங்கே ஒரு சிறு தட்டல் தெரிய வேண்டும்.

இங்கே உடம்பின் கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஐந்து கட்டையில் ஒரு பெண் மத்தியஸ்தாயி ஸட்ஜம் பாடும்போது அவருடைய குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 196 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. தார ஸட்ஜத்தில் அது இரட்டிப்பு. கீழ் ஸட்ஜத்தையே அரை மணி நேரம் இடைவிடாமல் பாடினால்கூட மோதல் மூன்றரை லட்சத்தைத் தொடும். எனவே கத்திப் பாடும்போது கூடும் அழுத்தம் ஒரு முறை அல்ல, லட்சக்கணக்கான முறை அந்தச் சிறிய சதை விளிம்பில் இறங்குகிறது. சத்தத்தைத் தொண்டை உண்டாக்க வேண்டியதில்லை. மூச்சு சீராக வந்தால் வாயும் தொண்டைக்குழியும் அதைப் பெருக்கிக் கொடுக்கும்.

இதற்காகவே மேல்நாட்டுக் குரல் ஆசிரியர்கள் கையாளும் ஒரு பயிற்சி நமக்கும் பயன்படும். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்ட்ராவின் நுனியை விட்டு, மறுமுனையை உதட்டில் வைத்து 'ஊ' என்று ஒலித்தபடி ஊதுங்கள். குமிழி சீராக வர வேண்டும். அப்படியே கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்கிச் செல்லுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். குறுகலான குழாய் காற்றைத் தடுப்பதால் வாய்க்குள் ஒரு எதிரழுத்தம் உண்டாகி, குரல் நாண்கள் முட்டிக்கொள்வது குறைகிறது. இந்தப் பயிற்சியை அறிவியலாக விளக்கிப் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்சே. ஸ்ட்ரா இல்லாவிட்டால் வாயை மூடிய 'ம்' காரமும் ஓரளவு அதே வேலையைச் செய்யும். சாதகத்துக்கு முன் இதைச் செய்துவிட்டு, பிறகு மந்தர ஸ்தாயிக்குப் போங்கள்.

மந்தர ஸ்தாயி சாதகத்தை விடியற்காலையில் செய்யச் சொன்னதில் ஒரு பொருள் உண்டு. தூங்கி எழுந்ததும் குரல் நாண்கள் லேசாக உப்பியிருப்பதால் கீழ் ஸ்வரங்கள் எளிதில் வரும். ஸ நி த ப என்று ஒவ்வொன்றையும் ஒரு மூச்சு பிடித்து, அமுக்காமல் இறங்க வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் நான்கு மணிக்கு எழுந்து பக்கத்து வீட்டுக்காரரின் பகையைச் சம்பாதிக்க வேண்டியதில்லை. ஆறரை மணிக்கும் அந்த ஸ்வரங்கள் அங்கேயேதான் இருக்கும்.

எவ்வளவு நேரம்? காலை இருபது நிமிடம், மாலை இருபது நிமிடம் தினமும் செய்வது ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரத்தைவிட மேல். வாரம் ஒருமுறை பாடியதைப் பதிவு செய்து கேளுங்கள். பாடும்போது நம் குரல் நமக்கு எலும்பு வழியாகவும் கேட்பதால் உள்ளதைவிடக் கனமாகத் தெரியும். பதிவு உண்மையைச் சொல்லும். இயல்பிலேயே நல்ல சாரீரம் இல்லை என்று மனம் தளர்பவர்கள் செம்மங்குடி சீனிவாச ஐயரை நினைத்துக்கொள்ளலாம். இளமையில் குரல் அவருக்கு ஒத்துழைக்கவில்லை என்பது இசையுலகம் அறிந்தது. விடாத சாதகத்தால் அதை வசப்படுத்திய அவர், 1947இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார்.

மிளகு, தேன், பனங்கற்கண்டு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விழுங்குவது எதுவும் குரல் நாண்களைத் தொடுவதில்லை, உணவுக்குழாயில் போய்விடும். இதமாக இருந்தால் குடிக்கலாம். நாள் முழுக்கப் போதிய தண்ணீர், இரவு உணவுக்கும் படுக்கைக்கும் நல்ல இடைவெளி, அடிக்கடி கனைக்காமல் இருப்பது ஆகிய மூன்றும் அவற்றைவிடப் பயன் தரும். குரல் உடையும் வயதுப் பையன்களுக்குச் சுருதியை இறக்கிக் கொடுங்கள். பழைய கட்டையில் பாடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சளிப் பிடித்த நாளில் பாடாமல் கேட்டுக்கொண்டிருங்கள், குசுகுசுவென்று பேசுவதும் ஓய்வாகாது. கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டினால் கஷாயத்தை நம்பிக் காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.