கசிவடைக்கும் பசையும் களையும் முறையும்

மரக்கலப் பலகைகளின் இடுக்கை அடைக்கும் தொழிலைத் தமிழில் ‘கலப்பற்று’ என்பர். இன்றைய கண்ணாடியிழைப் பாய்மரப் படகுகளில் அப்பணியைச் செய்வன அடைப்புப் பசைகளாகும். அவற்றைத் தேர்வோர் முதலிற் கேட்கவேண்டிய வினா ஒன்றே: இப்பொருத்தைப் பின்னர்க் கழற்ற நேருமா?

நேராதெனின் பாலியுரேத்தேன் பொருந்தும். அதன் பிடிப்பு மிக வலிது. வலிந்து பெயர்த்தால் படகின் மேற்பூச்சும் உடன் பெயரும். ஆதலின் மெல்லிய கம்பியால் அறுத்தே பிரித்தல் வேண்டும். மேல்தளப் பொருத்தெனின், இறுகாது நெகிழ்ந்தே இருக்கும் பியூட்டைல் நாடா நன்று. பாலிசல்பைடு தேக்குக்கு ஏற்றது. அக்ரிலிக் சாளரத்தையோ சிதைக்கும். சிலிக்கோன், சுரண்டிய பின்னும் எச்சம் விடும்; அதன்மேல் பிற பசைகள் பற்றா.

எனவே பழையதன்மேல் புதியதைப் பூசுதல் கசிவை மறைக்குமேயன்றி நீக்காது. முற்றக் களைந்து, உலர்த்திய பின்னரே பூசுதல் முறை.